மூன்று நாள் காய்ந்த ரொட்டி

"போ! போ! சனியனே, போய்த் தொலை!"

கிளென்டா வோகல் இரவு உடுப்போடும் ஒற்றைச் செருப்போடும் கொல்லைப் பனியில் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் துடைப்பம். எதிரே முப்பது நாற்பது காக்கைகள். இன்னொரு செருப்பு வாசற்படிக்குக் கீழே பனியில் புதைந்து கிடந்தது.

காக்கைகள் அவளைச் சட்டை செய்யவில்லை. அவற்றில் ஒன்று மட்டும் வாயில் ரொட்டித் துண்டோடு வேலிமேல் உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தது. அவளுடைய மாமியார் பார்க்கிற அதே பார்வை.

அது சாதாரண ரொட்டி இல்லை. அவளே மாவு பிசைந்து, சுட்டு, கட்டை விரல் அளவுக்கு நறுக்கி, திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் துணியால் மூடிக் காயவைத்த ரொட்டி. இன்று நன்றி நாள், அமெரிக்காவின் நவம்பர்ப் பண்டிகை. மூன்று மணிக்கு விருந்து. அந்த ரொட்டி, வெங்காயம், செலரி, வெண்ணெய், சேஜ் இலை எல்லாம் சேர்ந்து பூரணமாகி வான்கோழியின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். போனதோ காக்கையின் வயிற்றுக்குள்.

"மெர்ல்!"

அவள் கணவன் மெர்ல் காப்பிக் கோப்பையோடு பின்வாசலில் வந்து நின்றான். ஐம்பது வயசு. தப்பு செய்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான் என்று கேட்டால், அவன் போட்டோவைக் காட்டலாம்.

"அடுப்பு மேடையில ட்ரே நிறைய ரொட்டி இருந்துச்சே, எங்கே?"

"அதுவா? கல்லு மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு பறவைங்களுக்குப் போட்டேன். பாவம், பனியில அதுங்களுக்கு என்ன கிடைக்கும்?"

கிளென்டா துடைப்பத்தைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்தாள்.

"மெர்ல், நீ வோகல் குடும்பத்துல பொறந்தவன்தானே?"

"ஆமா."

"ஒவ்வொரு நவம்பரும் உங்க வீட்டு அடுப்படியில துணி மூடி ரொட்டி காயும்தானே?"

"காயும்."

"ஐம்பது வருஷமாப் பார்த்திருக்கே. காய்ஞ்ச ரொட்டி எதுக்குன்னு உனக்குத் தெரியாது?"

மெர்ல் காப்பியைக் குடித்தான். "மறந்துபோச்சு."

ஊரிலுள்ள கடைகளெல்லாம் இன்றைக்குப் பூட்டு. மணி ஏழேகால்.

*

கிளென்டா இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம். நெப்ராஸ்காக்காரி. ஆற்றைத் தாண்டினால் நெப்ராஸ்கா, இந்தக் கரையில் இவர்களுடைய அயோவா. ஆனாலும் நிலாவிலிருந்து வந்து இறங்கியவளைப் போலத்தான் இவளை நடத்தினார்கள். விருந்துக்கு யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று மாமியார் ஹெட்விக் அம்மாள் அக்டோபரிலேயே சொல்லிவிடுவாள். ஆறு வருஷமாக இவளுக்கு ஒதுக்கியது என்ன தெரியுமா?

பனிக்கட்டி. இரண்டு பை. கூடவே காகிதக் கைக்குட்டை.

பூரணம் செய்கிற உரிமை சாதாரண உரிமையா? அதற்கென்று ஒரு செய்முறை அட்டை இருந்தது. ஹெட்விக் அம்மாளின் கையெழுத்தில், வெண்ணெய்க் கறையோடு, ஓரங்கள் மடங்கிப்போன அட்டை. அது யார் கையில் இருக்கிறதோ அவள் வீட்டில்தான் விருந்து. அவள்தான் மேசையில் மாமியாருக்கு வலப்பக்கம் உட்காருவாள். முதலில் மூத்த மருமகள் பெவர்லியிடம் நாலு வருஷம் இருந்தது. முழங்கால் வலிக்குக் குளிர் ஆகாது என்று பெவர்லி அரிசோனா பாலைவனத்துக்குக் குடிபோனதும், அடுத்த மருமகள் லோர்னாவிடம் வந்தது. அவளிடம் ஒன்பது வருஷம்.

கிளென்டாவிடம் வர வாய்ப்பே இல்லை. காரணம், வெளியாள் யாருமில்லை, அவள் கணவன்தான். ஒவ்வொரு விருந்திலும் தவறாமல், எல்லார் காதிலும் விழும்படி சொல்வான்: "கிளென்டாவா? அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே!"

எல்லாரும் சிரிப்பார்கள். கிளென்டாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மெர்லோட பொண்டாட்டி" என்பாள். எதிரில் நின்றாலும் அப்படித்தான். "மெர்லோட பொண்டாட்டி, அந்த உப்பை எடு." பதிலுக்குக் கிளென்டாவும் "மிஸஸ் வோகல்" என்றே அழைத்தாள். "அம்மா" என்று கூப்பிடச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் லோர்னா மணிக்கட்டில் கட்டும், கழுத்தில் மாட்டிய தூளியுமாக வந்து கதவைத் தட்டினாள். கையில் ஒரு உறை.

"விழுந்துட்டேன் கிளென்டா. எலும்புல விரிசல். மாவு பிசைய முடியாது. இந்த வருஷம் நீதான்."

உறைக்குள் அந்த அட்டை!

"நானா? மிஸஸ் வோகல் ஒத்துக்கிட்டாங்களா?"

"ருசி பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா அட்டை உனக்கே. நிரந்தரமா." லோர்னாவின் கண் கலங்கியது. "ஒன்பது வருஷம் கிளென்டா. ஒன்பது."

பாவம், பட்டத்தை இழக்கிற துக்கம் என்று கிளென்டா நினைத்தாள். லோர்னா காருக்குப் போகும்போது ஒரு துள்ளு துள்ளினாள். பனி வழுக்கியிருக்கும்.

*

இப்போது கிளென்டா அலமாரியைக் குடைந்து ஒரு பாக்கெட் கடை ரொட்டியைக் கண்டுபிடித்தாள். மெத்மெத்தென்று பஞ்சு போல இருந்தது. அதை நறுக்கித் தட்டில் பரப்பி அடுப்புக்குள் தள்ளினாள்.

"மெர்ல், பத்து நிமிஷம். பத்தே நிமிஷம். பொன்னிறமானதும் வெளியே எடுத்துடு. நான் வான்கோழியைக் கழுவிட்டு வர்றேன்."

"நீ கவலையே படாதே."

கவலைப்பட்டிருக்க வேண்டும். பன்னிரண்டாவது நிமிஷம் கூரையிலிருந்த புகை மணி வீறிட்டது. கிளென்டா ஓடிவந்தாள். அடுப்புக்குள்ளிருந்து கரும்புகை. மெர்ல் கூடத்தில் தொலைக்காட்சியில் ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மாடி உயரத்துக்கு ஒரு பலூன் வாத்து ஆடிக்கொண்டு போனது.

"மணி அடிக்குதே, காது கேக்கலையா?"

"ஊர்வலத்துல அடிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

தட்டை வெளியே இழுத்தாள். பாதி கரி. மீதி கரிக்குக் கொஞ்சம் முந்தைய நிலை. அடுப்பின் திருகு முன்னூற்றைம்பது டிகிரியில் இல்லை. கடைசிக் கோடு வரை திரும்பியிருந்தது. தான் அப்படித் திருப்பவில்லை என்று பைபிள்மேல் அடித்துச் சத்தியம் செய்வாள்.

மெர்ல் முக்காலியில் ஏறிப் புகை மணியைத் துண்டால் விசிறினான். மேலிருந்தபடியே நல்ல பிள்ளையாகச் சொன்னான்: "பேசாம லோர்னாவையே கூப்பிட்டுச் சொல்லிடலாமா? இந்த வருஷம் நம்மால முடியலைன்னு?"

கிளென்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு அதுதான் வேணும், இல்லே?"

"எனக்கென்ன வேணும்? நீ கஷ்டப்படறியேன்னு..."

"ஆறு வருஷமா ஐஸ் தூக்கினேன் மெர்ல். ஐஸ்! மூளையில்லாத கழுதைகூட அதைவிட மேலான சுமையைத் தூக்கும். இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கம்மா வாயில என் பேர் வரணும். அவ்வளவுதான் கேக்கறேன். அதுக்கு நீ ஏன் குறுக்கே நிக்கறே? நான் உனக்கு அவ்வளவு கேவலமா?"

மெர்லின் முகம் மாறியது. கீழே இறங்கினான். துண்டை முறுக்கினான்.

"கிளென்டா, அப்படி இல்லே. நான் ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" அவள் தொலைபேசியை எடுத்தாள். எவளிடம் கையேந்தக் கூடாது என்று நினைத்திருந்தாளோ, அவளிடம்.

மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தாள் லோர்னா.

"லோர்னா, சொல்லவே வெட்கமா இருக்கு. என் ரொட்டி..."

"ரொட்டி போச்சா? என்கிட்ட ரெண்டு ட்ரே காய்ஞ்சது ரெடியா இருக்கு. ஒரு முன்ஜாக்கிரதைக்குப் போட்டு வெச்சேன். இதோ வந்துட்டேன்!"

இருபது நிமிஷத் தூரம். பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தாள்.

இரண்டு தட்டுகளையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு துண்டும் அளவெடுத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. முறிந்த கையோடு இதைப் பிசைந்து நறுக்கியிருக்கிறாள்! கிளென்டாவின் நெஞ்சு எரிந்தது. உடைந்த கையோடும் நான் உன்னைவிட ஒரு படி மேல் என்று காட்ட வந்திருக்கிறாள், வேறென்ன?

"நல்லா வரும் கிளென்டா. கண்டிப்பா நல்லா வரணும்." லோர்னா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். அடிபட்ட கையால். "வெண்ணெயைத் தாராளமாப் போடு."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடுப்பு மேடையிலிருந்த சேஜ் இலையை முகர்ந்து பார்த்துத் திருப்தியோடு போனாள். மெர்ல் அவள் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தான். அந்த முறைப்பில் கொலை வெறி இருந்தது.

*

வெங்காயம் வதங்கியது. செலரி வதங்கியது. சேஜ் மணம் வீட்டை நிறைத்தது. ரொட்டியைக் கொட்டி, கோழிச்சாறு ஊற்றி, முட்டை அடித்துக் கலந்து, ஒரு சிட்டிகை வாயில் போட்டாள் கிளென்டா.

அமிர்தம்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. வான்கோழியைக் கட்ட நூல் எடுக்கத் தையல் அறைக்கு ஓடினாள். கீழ்த்தளத்தில் கிழக்குப் பார்த்த அறை அது. காலை வெயில் தரையெல்லாம் விழும். வீட்டிலேயே அவளுக்கென்று இருந்த ஒரே இடம். மெர்லின் சலிப்பு, அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் தொலைபேசிச் சத்தம், எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அங்கே உட்கார்ந்து போர்வை தைப்பாள்.

நூலோடு திரும்பியவள் இன்னொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

துப்பினாள்.

கடல். மொத்த அட்லாண்டிக் கடலும் அந்தப் பாத்திரத்துக்குள் இருந்தது.

"மெர்ல்ல்ல்!"

"உப்புப் போடலையேன்னு..."

"போட்டேன்! போட்டிருந்தேன்! எவ்வளவு போட்டே?"

"கை... கை அளவு."

"எந்தக் கை? உன் கையா, கரடி கையா?"

அழவோ கத்தவோ நேரமில்லை. மணி பத்து. வான்கோழி இப்போது உள்ளே போகாவிட்டால் மூன்று மணிக்கு வேகாது. உப்பை இழுக்க ரொட்டி வேண்டும். காய்ந்த ரொட்டி, நிறைய. லோர்னாவின் இரண்டு தட்டும் காலி. மீதியிருந்தது ஒன்றே ஒன்று.

குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் இருந்த கரித் தட்டு.

கிளென்டா கத்தியை எடுத்தாள். கரியைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்டப் பழுப்பு நிறம் தெரிந்தது. சுரண்டிய துண்டுகளையெல்லாம் பாத்திரத்தில் கொட்டினாள். இன்னும் கொஞ்சம் சாறு, இன்னும் கொஞ்சம் வெண்ணெய். பூரணம் இரண்டு மடங்காகப் பெருகியது. வான்கோழியின் வயிறு பிதுங்க அடைத்தாள். தைத்தாள். தையல் பிரிந்தது. இரட்டை நூலில் மறுபடி தைத்தாள். அடுப்பின் கதவைச் சாத்தி, அதன்முன் நாற்காலி போட்டு, துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பக்கத்துல வந்தே, கொன்னுடுவேன்."

மெர்ல் வரவில்லை. ருசி பார்க்கவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஐந்து மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

*

மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார்கள். முதலில் ஹெட்விக் அம்மாள். எண்பத்திரண்டு வயசு. கைத்தடி. முதுகு மட்டும் வளையவில்லை. அவளைத் தாங்கியபடி லோர்னா. பின்னால் லோர்னாவின் கணவன் கோர்டன். மெர்லுக்கு அண்ணன். வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. இந்தக் குடும்பத்தில் அவன் ஒரு மேசை நாற்காலி மாதிரி.

அவன் தன் சரக்கு வண்டியை வாசலுக்கே பின்பக்கமாக ஓட்டிவந்து நிறுத்தியிருந்தான். பின்புறம் முழுக்க நீலத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது.

"என்ன கோர்டன், விருந்துக்குச் சரக்கு வண்டியிலயா?" என்றாள் கிளென்டா.

"பனி," என்றாள் லோர்னா முந்திக்கொண்டு. "பின்னாடி கனம் இருந்தா வண்டி வழுக்காது."

கோர்டன் வாசற்கதவின் அகலத்தை ஒரு தடவை பார்த்தான். உள்ளே போனான்.

ஹெட்விக் அம்மாள் உட்காரவில்லை. கைத்தடியால் வீட்டைத் தட்டித் தட்டி நடந்தாள்.

"குளியலறை எங்கே?"

"இதோ, இந்தப் பக்கம், மிஸஸ் வோகல்."

"பிடிச்சுக்கக் கம்பி இல்லையே."

"வெச்சுடறோம், மிஸஸ் வோகல்."

"கணப்பு சத்தம் போடுது."

"சரி பண்ணிடறோம், மிஸஸ் வோகல்."

வந்த வீட்டில் குறை கண்டுபிடிப்பது ஒரு கலை என்றால், கிழவி அதில் மேதை. கிளென்டா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். தையல் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள் ஹெட்விக் அம்மாள்.

"இங்கே காலை வெயில் வருமா?"

முதல் தடவையாகக் குறை இல்லாத ஒரு கேள்வி! கிளென்டா பூரித்துப்போனாள். "தாராளமா வரும், மிஸஸ் வோகல்! வீட்டுலயே இதுதான் நல்ல ரூம். கதகதன்னு இருக்கும்."

கிழவி தலையாட்டினாள். கூடத்தில் மெர்ல் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

மேசையில் வான்கோழி வந்தது. ஜெபம் முடிந்தது. மெர்ல் நூலை வெட்டினான். ஆவி பறக்கப் பூரணம் வெளியே சரிந்தது. நிறம் சரியில்லை. லோர்னாவின் பூரணம் பொன். இது புளியங்கொட்டை.

ஹெட்விக் அம்மாள் முள்கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள்.

லோர்னா தூளியிலிருந்து கையை எடுத்து மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். மெர்லின் உதடுகள் மட்டும் அசைந்தன. சற்றுமுன் ஜெபம் செய்யும்போதுகூட அவன் அவ்வளவு உருகியதில்லை.

கிழவி மென்றாள். விழுங்கினாள்.

"இதுல புகை வாசம் இருக்கு."

முடிந்தது. கிளென்டா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வருஷம் ஐஸ். அதற்கடுத்த வருஷமும் ஐஸ். பெட்டியில் வைத்துப் புதைக்கும்போதும் தலைமாட்டில் இரண்டு பை ஐஸ் வைப்பார்கள்.

"எங்கம்மா விறகு அடுப்புலதான் ரொட்டி காயவைப்பாங்க," என்றாள் ஹெட்விக் அம்மாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "இந்த வாசம் போய் எழுபது வருஷமாச்சு. பெவர்லிக்கு வரலை. லோர்னாவுக்கும் வரலை. எனக்கே வந்ததில்லை." தட்டை நீட்டினாள். "இன்னொரு கரண்டி போடு, கிளென்டா."

கிளென்டா.

அவளுக்குக் கரண்டி நழுவியது. "இதோ, மிஸஸ் வோகல்..."

"என்ன மிஸஸ் வோகல்? அம்மான்னு கூப்பிடு."

லோர்னா கைதட்டினாள். இரண்டு கையாலும். தூளி வெறுமனே கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவந்து கிளென்டாவைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதாள். இவ்வளவு நல்லவளையா இத்தனை காலம் தப்பாக நினைத்தோம்! கிளென்டாவும் அழுதாள். அழுதபடியே கணவனைப் பார்த்தாள். வெந்நீர் வைக்கத் தெரியாதவள் என்றாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

மெர்ல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். ஆனந்தக் கண்ணீராக்கும்.

"அம்மா," என்றாள் கிளென்டா, அந்தச் சொல்லை முதன்முதலாக வாயில் போட்டு ருசி பார்த்தபடி. "இன்னும் வேணுமா, அம்மா?"

அப்போதுதான் கோர்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். காகிதக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தான். வாசல் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"மெர்ல், வந்து ஒரு கை பிடி, இருட்டறதுக்குள்ள அம்மாவோட கட்டிலையும் பீரோவையும் இறக்கி அந்தத் தையல் ரூம்ல போட்டுடலாம்; பூரணம் யார் வீட்டுலயோ அந்த வீட்டுலதான் இருப்பேன்னு பெவர்லிகிட்ட நாலு வருஷம், எங்ககிட்ட ஒன்பது வருஷம் இருந்தாங்க, இனிமே உங்க முறை."